வால்வைத் திருப்பச் சொல்ல ஊரில் ஆள் இல்லை

தமிழ்நாடு அரசின் கவனத்துக்கு,

எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டியின் காலடியில் இரண்டு கேட் வால்வுகள் இருக்கின்றன. ஒன்றைத் திறந்தால் ஊருக்குள் தண்ணீர் போகும். மற்றதைத் திறந்தால் குழாயின் கடைசியில், மேட்டில் இருக்கும் எங்கள் தெருவுக்கு வரும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எங்கள் குழாயில் காற்றுதான் வரும். எங்கள் ஊராட்சி மன்றத்தில் 5 ஆண்டு வார்டு உறுப்பினராக இருந்தவள் நான். அந்த 5 ஆண்டில் நான் செய்தேன் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லக்கூடியது ஒரே ஒரு வேலை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், முதல் 40 நிமிடம் எங்கள் தெரு வால்வை மட்டும் திறக்க வேண்டும் என்று மன்றத்தில் தீர்மானம் போட வைத்தேன். மூன்று கூட்டங்களில் பேசிப் பார்த்தும் நடக்கவில்லை. நான்காவது கூட்டத்துக்கு எங்கள் தெருப் பெண்கள் இருபது பேர் காலிக் குடத்தோடு வந்து வாசலில் உட்கார்ந்த பிறகுதான் தலைவர் "சரி, எழுதுங்க" என்றார்.

அந்தத் தீர்மானம் இன்றும் தீர்மானப் புத்தகத்தில் இருக்கிறது. தண்ணீர்தான் வருவதில்லை. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் மன்றத்தின் காலம் முடிந்தது. இரண்டே மாதத்தில் வால்வு பழைய நிலைக்குத் திரும்பியது. டேங்க் ஆப்பரேட்டர் தம்பியிடம் போய்க் கேட்டேன். "அக்கா, அவுங்க ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க. இப்ப நான் யாரு சொல்றதக் கேக்குறது?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கும் அப்போது இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. அதை அவர் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். இன்று 2026 ஜனவரி 5. எங்கள் மன்றத்தின் காலம் முடிந்தும் புதுத் தேர்தல் நடக்காமலேயே ஓராண்டு ஓடிவிட்டது.

ராமநாதபுரம் மாவட்டத்தின் ஒரு கடைக்கோடிக் கிராமத்தில் இருந்து எழுதுகிறேன். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 9,624 ஊராட்சித் தலைவர்களும் 76 ஆயிரத்துக்கு மேற்பட்ட வார்டு உறுப்பினர்களும் அதில் தேர்வானார்கள். 2020 ஜனவரி 6-ஆம் தேதி எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் உறுதிமொழி எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்தால்தான் நான் அந்தக் கூடத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கு முன்பு எங்கள் தெருப் பெண்கள் அந்தக் கூடத்துக்குப் போனது கூட்டிப் பெருக்குவதற்கு மட்டும்தான். அந்தச் சட்டத்துக்கு நன்றி உள்ளவளாக இருப்பதால்தான், அதைச் செல்லாக்காசு ஆக்கிய இந்த ஓராண்டை என்னால் பேசாமல் விட முடியவில்லை.

உள்ளாட்சி மன்றத்தின் ஆயுள் 5 ஆண்டு, அது முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு. எங்கள் காலம் எந்தத் தேதியில் முடியும் என்பது நாங்கள் பதவியேற்ற அன்றைக்கே உங்களுக்குத் தெரியும். தயாராக 5 ஆண்டு கையில் இருந்தது. ஆனாலும் தேர்தல் வரவில்லை, தனி அலுவலர் வந்தார். முதலில் ஆறு மாதம் என்றீர்கள். பிறகு நீட்டித்தீர்கள்.

தனி அலுவலர் என்றால் யார்? ஊராட்சி ஒன்றியத்தில் கிராம ஊராட்சிகளைப் பார்க்கும் வட்டார வளர்ச்சி அலுவலர். மன்றம் இல்லாத ஊராட்சியை நடத்துவது அவர்தான். எங்கள் மாவட்டத்தில் 11 ஒன்றியங்கள், 429 ஊராட்சிகள். கணக்குப் போட்டால் ஒரு அலுவலருக்குச் சராசரியாக 39 ஊர். ஒரு நாளைக்கு ஓர் ஊர் என்று ஞாயிறு விடுமுறை இல்லாமல் சுற்றினாலும் எங்கள் ஊருக்கு அவர் மறுபடி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அவருக்கு இருக்கும் மற்ற வேலையை எல்லாம் விட்டுவிட்டுச் சொல்கிறேன். எங்கள் ஒன்றியத்தில் இருப்பவர் கெட்டவர் அல்ல. இந்த ஓராண்டில் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் ஜீப்பை விட்டு இறங்கி, நின்று, நாங்கள் சொன்னதைக் கேட்டார். 39 ஊருக்குத் தலைவராக இருக்க எந்த மனிதராலும் முடியாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

போன ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கம் நிலத்தடி நீர் உவர். குடிப்பதற்குக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும். எட்டு நாளைக்கு ஒரு தரம், சில சமயம் பத்து. மற்ற எல்லாவற்றுக்கும் ஊருணிக் கரையில் இருக்கும் ஆழ்குழாய்க் கிணறுதான். அந்தத் தண்ணீர்தான் தொட்டிக்கு ஏறுகிறது. ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலையில் அந்த மோட்டார் நின்றது. காயில் கருகிவிட்டது.

இதே மோட்டார் 2022-இலும் கருகியது. அன்று காலை ஏழு மணிக்கு நானும் இன்னொரு உறுப்பினரும் தலைவர் வீட்டு வாசலில் நின்றோம். எட்டு மணிக்கு அவர் டவுனில் இருக்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டார். மதியம் முக்காலி நட்டு, பைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மோட்டாரை மேலே எடுத்தார்கள். மறுநாள் இரவு தொட்டியில் தண்ணீர் ஏறியது. அடுத்த கூட்டத்தில் பில்லை வைத்தபோது நான் எழுந்து, "கருகின காயில்ல செம்பு இருக்குமே, அத எடைக்குப் போட்டா காசு வருமே, அத எங்க கழிச்சிருக்கு?" என்று கேட்டேன். தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். பில்லில் 2,200 ரூபாய் குறைந்தது. அதன்பிறகுதான் தலைவரும் துணைத் தலைவரும் காசோலையில் கையெழுத்துப் போட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். உள்ளாட்சிக் கணக்கு என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்த 2,200 ரூபாயில்தான்.

2025 ஆகஸ்டில் போய் நிற்க ஒரு வாசல் இல்லை. ஊராட்சி செயலர் பக்கத்து ஊராட்சியையும் சேர்த்துப் பார்க்கிறார். அவருக்குப் போன் செய்தோம். அவர் ஒன்றிய அலுவலகத்துக்குச் சொன்னார். மேற்பார்வையாளர் வந்து பார்த்து மதிப்பீடு எழுத வேண்டும் என்றார்கள். அவர் வர ஆறு நாள் ஆனது. மதிப்பீடு போனது. அலுவலர் முகாம் வேலையில் இருக்கிறார், கையெழுத்தாகவில்லை என்றார்கள். பிறகு கணக்கில் இப்போதைக்குப் பணம் இல்லை, மின்கட்டணம் கட்டவே சரியாக இருக்கிறது என்றார்கள். இப்படியே நாள் போனது.

ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வந்து பார்த்தவர்களுக்குக் குடம் அடுக்கிய தள்ளுவண்டி தெரிந்திருக்கும். நான்கு சிறிய சக்கரம், எட்டுக் குடத்துக்கு எட்டுக் குழி. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அந்த வண்டி உண்டு. 2020-க்குப் பிறகு பாதி வண்டிகளைக் கொட்டகையில் ஏற்றிப் போட்டிருந்தோம். ஆகஸ்டில் எல்லாவற்றையும் இறக்கினோம். துருப்பிடித்த சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டோம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்துக் கிணற்றுக்குப் போக வேண்டும், வர வேண்டும். என் பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டாம் வகுப்பு. விடியற்காலை நான்கரைக்கு அவள் அம்மாவோடு வண்டி தள்ளப் போய்விட்டு ஏழரைக்குத் திரும்புவாள். தலை ஈரம் காயாமல் பள்ளிக்கு ஓடுவாள். உள்ளங்கையில் கொப்பளம் வந்து உடைந்து, பேனா பிடிக்க முடியவில்லை என்று ஒருநாள் என்னிடம் காட்டினாள். லாரித் தண்ணீர் குடம் 12 ரூபாய்க்கு விற்றது. அதை வாங்க முடிந்தவர்கள் வாங்கினார்கள்.

23 நாள் இப்படிப் போனது. 23-ஆவது நாள் எங்கள் பகுதியில் இருக்கும் 61 வீடுகளும் வீட்டுக்கு 300 ரூபாய் போட்டோம். 18,300 ரூபாய் சேர்ந்தது. நாங்களே மெக்கானிக்கைக் கூட்டிவந்து மோட்டாரைச் சரிசெய்தோம். அதே வாரத்தில்தான் வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் பாக்கி என்று கேட்டு ஆள் வந்தது. வரியைக் கட்டினோம். கட்டிய ரசீதும் வசூல் நோட்டும் என் பெட்டியில் ஒன்றாக இருக்கின்றன. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன்.

கணக்கில் பணம் இல்லை என்றார்களே, அது ஏன் இல்லை என்று நான் தேடிப் படித்தேன். படித்தபோது எனக்கு வந்தது துக்கம்.

ஒன்றிய அரசின் பணத்தில் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எவ்வளவு என்று பரிந்துரைப்பது நிதி ஆணையம். 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை நாடு முழுவதும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்கென்று 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் நூற்றுக்கு 60 ரூபாயைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவு செய்ய வேண்டும், வேறு எதற்கும் தொடக் கூடாது. மீதி 40 ரூபாய் ஊரின் தேவைக்கு ஏற்ப. இந்தப் பணத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: மக்களால் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்கும் ஊராட்சிக்குத்தான் மானியம். மன்றம் இல்லையென்றால் மானியம் இல்லை.

அதாவது தேர்தலை நீங்கள் தள்ளிவைத்த அன்றே எங்கள் குழாய்க்கான பணமும் நின்றுபோகும் என்பது எழுதிவைத்த விதி. சாலைக்கோ கட்டடத்துக்கோ வந்த பணம் என்றால்கூட ஒரு வருடம் பொறுத்திருப்போம். நின்றது குடிநீருக்கென்றே கட்டிவைத்த பணம். இது தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியாது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல், பழங்குடியினர் இட ஒதுக்கீட்டில் இருந்த குறைகளால் உயர்நீதிமன்றத்தில் ரத்தானது. அதன்பிறகு 2019 டிசம்பர் வரை 3 ஆண்டுக்கு மேல் மன்றங்கள் இல்லை. அப்போதும் தனி அலுவலர்கள்தான், அப்போதும் தவணை தவணையாக நீட்டிப்புதான், அப்போதும் இதே காரணத்துக்காக டெல்லியில் மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. அன்று எதிர்க்கட்சி வரிசையில் இருந்துகொண்டு அதைக் கேட்டவர்கள் நீங்கள். நீங்கள் அன்று கேட்டது சரியான கேள்வி. அதனால்தான் அந்தக் கேள்வி சரி என்று நம்பி ஓட்டுப் போட்டோம்.

15-ஆவது நிதி ஆணையத்தின் காலம் வரும் மார்ச் 31-உடன் முடிகிறது. இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. அதற்குள் வராத பணம் எங்களுக்கு எப்போது வரும், வருமா என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஒன்றிய அரசுக்கும் இந்த இடத்தில் ஒரு சொல். தேர்தல் நடத்தாதது மாநிலத்தின் பிழை. அதற்குத் தண்டனையைத் தள்ளுவண்டி தள்ளும் பிள்ளை அனுபவிக்கிறாள். நிபந்தனை போடுவது சரி. ஆனால் அது வலிக்க வேண்டியவர்களுக்கு வலிக்கும்படி இருக்க வேண்டும்.

நூறு நாள் வேலைக் கூலியிலும் இதையேதான் பட்டோம். 2024 நவம்பருக்குப் பிறகு மாதக்கணக்கில் கூலி வரவில்லை. தமிழ்நாட்டுக்கு 1,056 கோடி ரூபாய் கூலி நிலுவை என்று முதலமைச்சரே 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். வேலை முடிந்து 15 நாளில் கூலி என்பது சட்டம். தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. அப்போதைய 319 ரூபாய்க் கூலிக்கு அது 16 காசு. அந்த 16 காசையும் எங்கள் ஊரில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கூலி வராத பெண்கள் எங்கே போவார்கள்? என் வீட்டுக்கு வந்தார்கள். "நான் இப்ப மெம்பர் இல்ல ஆத்தா" என்று திண்ணையில் உட்காரவைத்துச் சொன்னேன். "பெறகு யாருதான் மெம்பரு?" என்று ஒரு கிழவி கேட்டாள். போன மாதம் அந்தத் திட்டத்துக்கே புதுச் சட்டம் வந்திருக்கிறது. 125 நாள் என்கிறார்கள், செலவில் 40 சதவீதம் மாநிலம் போட வேண்டும் என்கிறார்கள். இவ்வளவு பெரிய மாற்றம் வரும் நேரத்தில் ஊரில் அதை எடுத்துச் சொல்லவும், நடக்காவிட்டால் சண்டை போடவும் ஆள் இல்லை.

கிராம சபை நடக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். நடக்கிறது. ஆகஸ்ட் 15-ஆம் தேதி, மோட்டார் நின்ற 14-ஆவது நாள், எங்கள் ஊரிலும் நடந்தது. எங்கள் அளவு ஊருக்கு 100 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். பாதிக் கையெழுத்தை நூறு நாள் வேலை நடக்கும் இடத்திலேயே நோட்டைக் கொண்டுபோய் வாங்கிவிட்டார்கள். பற்றாளராக, அதாவது கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள அரசு அனுப்பும் அலுவலராக, வந்தவர் வேறு துறையில் வேலை பார்ப்பவர். எங்கள் ஊரை அன்றுதான் பார்க்கிறார். செயலர் அச்சடித்த பொருள்களை வரிசையாகப் படித்தார். பிளாஸ்டிக் ஒழிப்பு, டெங்கு, மழைநீர் சேகரிப்பு என்று போனது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியம்மா எழுந்து போய்க் காலிக் குடத்தை மேசைமேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பற்றாளர் பதறிப்போய், "நான் மேல சொல்றேம்மா, கண்டிப்பா சொல்றேன்" என்றார். மோட்டாரைப் பழுதுபார்க்க வேண்டும் என்று தீர்மானம் எழுதினார்கள். அதற்குப் பத்து நாள் கழித்து நாங்கள் காசு போட்டுச் சரிசெய்தோம். அடுத்த கிராம சபையில் போன தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். வந்திருந்தவர் வேறு பற்றாளர். அவருக்கு அந்தத் தீர்மானமே தெரியாது. வரவு செலவுக் கணக்கு எங்கே என்று கேட்டதற்கு, ஒன்றியத்தில் இருக்கிறது என்று பதில் வந்தது.

குடவோலை முறையைப் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறோம். உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடத்தில் ஓலை போட்டதோடு இன்னொன்றும் இருக்கிறது: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரை மறுபடி குடத்தில் போடக் கூடாது. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் ஓர் ஊர் தன் கணக்கைக் கேட்டது. என் ஊர்க் கணக்கைப் பார்க்க நான் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டியிருக்கிறது.

தலைவர்கள் எல்லாம் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லை. எங்கள் காலத்தில் போட்ட சிமெண்ட் சாலையில் ஒன்று முதல் மழையிலேயே பெயர்ந்தது. பல ஊர்களில் தலைவர் நாற்காலியில் பெண்ணும் அதிகாரத்தில் அவர் கணவரும் இருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்திலேயே நான் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவின் தேவைகளுக்கு மன்றத்தில் கடைசி இடம்தான் கிடைத்தது. இதையெல்லாம் மறைத்து எழுத நான் உட்காரவில்லை. ஆனால் அந்தத் தலைவர் எங்கள் டீக்கடையில்தான் டீ குடித்தார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எங்கள் முன்னால் தாம்பூலத் தட்டோடு வந்து நிற்க வேண்டியிருந்தது. சாலை பெயர்ந்தபோது ஐந்து பேர் அவர் வண்டியை மறித்தோம். அவர் பதில் சொல்லாமல் போக முடியவில்லை; ஒரு மாதத்தில் ஒட்டுப் போட்டார். 5 ஆண்டில் மறுபடி ஓட்டுக் கேட்டு வர வேண்டும் என்ற பயம் அவருக்கு இருந்தது. எங்கள் கையில் இருந்த பிடி அது ஒன்றுதான். அதைத்தான் எடுத்துக்கொண்டீர்கள்.

தள்ளிவைத்ததற்குக் காரணங்கள் சொன்னீர்கள். வார்டு வரையறை, அதாவது வார்டுகளின் எல்லையைப் பிரிக்கும் வேலை, முடியவில்லை, இட ஒதுக்கீடு முடியவில்லை, சில கிராமங்களை நகரங்களோடு சேர்க்க வேண்டியிருக்கிறது. கேரளத்தைப் பாருங்கள். அங்கேயும் வார்டு வரையறை நடந்தது. அதை முடித்துக்கொண்டு, மன்றங்களின் காலம் முடிவதற்கு முன்பே, போன டிசம்பர் 9, 11 தேதிகளில் 941 ஊராட்சிகளுக்கும் நகரங்களுக்கும் சேர்த்துத் தேர்தல் நடத்திவிட்டார்கள். எல்லை தாண்டினால் நடக்கிற காரியம் இங்கே ஏன் நடக்கவில்லை? உச்சநீதிமன்றமும் இந்தக் காரணத்தை ஏற்கவில்லை. குறித்த காலத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடத்துவது கட்டாயம் என்று 2006-இல் கிஷன்சிங் தோமர் வழக்கிலும், வரையறை முடியவில்லை என்பதற்காகத் தேர்தலை நிறுத்திவைக்கக் கூடாது, இருக்கிற வரையறையை வைத்தே நடத்துங்கள் என்று 2022-இல் சுரேஷ் மகாஜன் வழக்கிலும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. சட்டமன்றத் தேர்தலை ஒரு நாள்கூடத் தள்ளிவைக்க யாரும் நினைப்பதில்லை. எங்கள் தேர்தல் மட்டும் எப்போது வேண்டுமானாலும் நடத்திக்கொள்ளலாம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

வரும் அக்டோபரில், 2021-இல் தேர்தல் நடந்த மற்ற 9 மாவட்டங்களின் காலமும் முடிகிறது. அதன்பிறகு தமிழ்நாட்டின் ஊராட்சிகள் அனைத்திலும் நாற்காலி காலியாகிவிடும்.

ஆகவே நான் கேட்பது இவை.

ஊரக உள்ளாட்சித் தேர்தலுக்குத் தேதி வேண்டும். "விரைவில்" என்ற சொல் வேண்டாம். வரையறையும் இட ஒதுக்கீடும் எந்த ஒன்றியத்தில் எந்த அளவில் இருக்கின்றன, என்றைக்கு முடியும் என்பதை ஊர் ஊராக வெளியிடுங்கள். அது முடியாது என்றால் 2019-இல் இருந்த வார்டுகளை வைத்தே நடத்துங்கள். நாங்கள் ஓட்டுப் போடுகிறோம். சட்டமன்றத் தேர்தல் வருகிறது, அதன்பிறகு பார்க்கலாம் என்று சொன்னால், அதையும் தேதியோடு எழுத்தில் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 5-க்குப் பிறகு மன்றம் இல்லாத காரணத்தால் நிதி ஆணைய மானியம் எந்த ஊராட்சிக்கு எவ்வளவு வராமல் போனது என்ற கணக்கு வேண்டும். மொத்தமாக மாநிலத்துக்கு இத்தனை கோடி என்று ஒரு வரியில் வேண்டாம். என் ஊருக்கு எவ்வளவு, அதில் குடிநீருக்கு எவ்வளவு என்று தனியாக வேண்டும். அந்தப் பணத்தை மார்ச் 31-க்குள் ஒன்றிய அரசிடம் இருந்து பெற முடியவில்லை என்றால் மாநில நிதியில் இருந்து குடிநீர்ப் பங்கையாவது கொடுங்கள். தேர்தலை நாங்கள் தள்ளிவைக்கவில்லை. ஒன்றிய அரசு, மன்றங்கள் அமைந்த பிறகு நிறுத்திவைத்த தவணைகளைக் காலாவதி ஆக்காமல் விடுவிக்கும் என்று இப்போதே அறிவிக்க வேண்டும்.

தேர்தல் வரும்வரை, மோட்டார், குழாய், தெருவிளக்கு போன்ற அவசரப் பழுதுகளை ஒன்றியத்துக்குக் காகிதம் அனுப்பாமல் மூன்று நாளுக்குள் சரிசெய்ய ஒரு தொகையை ஊராட்சி மட்டத்திலேயே வைத்து, அதைச் செலவிட அதிகாரம் கொடுங்கள். அப்படிச் செலவிட்ட பில் அதே வாரம் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும். ஒரு செயலருக்கு ஓர் ஊராட்சிதான் இருக்க வேண்டும். தனி அலுவலர் எந்த ஊருக்கு எந்தத் தேதியில் வருவார் என்ற பட்டியல் மாதத் தொடக்கத்தில் எங்களுக்குத் தெரிய வேண்டும். டேங்க் ஆப்பரேட்டருக்கும் தூய்மைக் காவலர்களுக்கும் மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் சம்பளம் போக வேண்டும்.

முந்தைய மன்றம் போட்ட தீர்மானங்கள், புது மன்றம் வந்து மாற்றும்வரை செல்லும் என்று எல்லா ஊராட்சிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இதற்குப் பைசா செலவில்லை. அந்த ஒரு காகிதம் இருந்தால் எங்கள் டேங்க் ஆப்பரேட்டர் தம்பி யாருக்கும் பயப்படாமல் வால்வைத் திருப்புவார்.

வரும் 26-ஆம் தேதி கிராம சபை. அன்று மேசைமேல் மூன்று காகிதங்கள் இருக்க வேண்டும்: ஆகஸ்ட் 15 தீர்மானத்தின் மேல் எடுத்த நடவடிக்கை, எங்கள் ஊராட்சியின் ஓராண்டு வரவு செலவு, எங்களுக்கு வராமல் போன மானியத்தின் தொகை. வீட்டுக்கு 300 ரூபாய் வசூலித்த நோட்டை நானும் கொண்டுவருகிறேன். அந்த 18,300 ரூபாயை 61 வீடுகளுக்கும் திருப்பித் தர வேண்டும் என்பதை அன்றைய தீர்மானங்களில் ஒன்றாக எழுதச் சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர்,
ராமநாதபுரம் மாவட்டம்
05.01.2026